நான்கு இரவுகள், ரத்து செய்ய இயலாது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்தப் போன இடத்தில் கிடைத்தது. மூன்றாவது தடவையாக அதே கால்சட்டை. தையல்காரப் பெண்மணி அதை உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே விடறதுக்குத் துணி இல்ல சார். அடுத்த தடவை உங்களைத்தான் பிடிச்சுத் தைக்கணும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. காதில் போன் இருந்தது. வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்; தங்க இடம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என் கிரெடிட் கார்டு கம்பெனி நடத்தும் பயண இணையதளத்தில் ஒரு ஹோட்டல் அறை எடுத்தேன். எடுத்த அன்றைக்கே அதே அறை இன்னொரு தளத்தில் குறைந்த விலைக்குக் கிடந்தது. இப்படி ஆனால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுப்பதாகக் கார்டுக்காரர்கள் சொல்கிறார்கள். 'ப்ரைஸ் மேட்ச்' என்று அதற்குப் பெயர். ஒரு நாளைக்குள் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் போனில் அவர்கள் போடும் பாட்டைக் கேட்க வேண்டும். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு சார் இவ்வளவு நேரமா பேசாம போனைப் பிடிச்சுட்டு இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். கால் மட்டும் மிதியிலேயே இருந்தது.

"எத்தனை ராத்திரிக்கு எடுத்திருக்கீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு ராத்திரியும் கண்டிப்பா இருப்பீங்களா?"

இதென்ன கேள்வி என்று அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன். கதை அன்றைக்குக் கொஞ்சம் வந்தது. பிறகு பட்டன் தைக்கக் கொடுக்கிற சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சமும் வந்தது. என் சட்டைகளில் இப்போது எல்லாப் பட்டனும் இருக்கிறது.

நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதுங்க, நான் வேணாம்னு சொல்லல. எங்க அண்ணியைக் கெட்டவங்களா ஆக்கிடாதீங்க. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாலே அப்படித்தான் தெரியும். பாத்துக்கோங்க."

2

முதல் தொடக்கம்:

*புருஷன் சாகக் கிடக்கும்போது ஹோட்டல் வாடகைக்குப் பேரம் பேசிய ஒரு பெண்ணை எனக்குத்*

இதை இங்கேயே விட்டுவிட்டேன். வாக்கியம் நன்றாக ஓடுகிறது, அதுதான் கோளாறு. ஓடுகிற வாக்கியம் நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். போய் நிற்கிற இடத்தில் அண்ணி குற்றவாளிக் கூண்டில் இருப்பார்.

இரண்டாவது:

*தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓர் இயந்திரம் சீராகத்*

துடித்துக்கொண்டிருந்தது என்று முடித்திருப்பேன். அந்த இயந்திரம் எத்தனையோ கதைகளில் துடித்துக் களைத்துவிட்டது. அதற்கும் ஓய்வு வேண்டும்.

மூன்றாவது, வேறு வழியில்லாமல் எளிமையானது:

அவர் லிஃப்ட் மெக்கானிக். தையல்காரரின் அண்ணன். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவதும் பழைய கட்டடங்களில் பழுது பார்ப்பதும் வேலை. விடுமுறை நாளில் எங்கே போனாலும் மாடிப்படிதான் ஏறுவார். கேட்டால், "லீவு நாள்ல ஆபீசுக்குள்ள நிக்கச் சொல்றியா" என்பார். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அதன் வழியாக விசில் அடிப்பார்.

(பல் இடைவெளியும் விசிலும் என் கைச்சரக்கு. தையல்காரர் தன் அண்ணனைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "நல்ல மாதிரி" என்றார். "சத்தம் போட மாட்டாரு" என்றார். ஒரு ஆளை நடக்கவைக்க இது போதாது.)

அவர் மனைவிதான் அண்ணி. நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி சொல்வதை, வக்கீல் கேட்பதை, நீதிபதி குறுக்கே சொல்வதை எல்லாம் அப்படியே அடிக்க வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. வீட்டிலும் அப்படித்தானாம். அண்ணியும் நாத்தனாரான தையல்காரரும் சண்டை போட்டதில்லை, நெருங்கியதும் இல்லை. "அவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க, ரொம்ப நாள் முயற்சி பண்ணிப் பாத்தேன் சார். அப்புறம் விட்டுட்டேன்" என்றார் தையல்காரர். நானும் முயற்சி பண்ணியிருக்கிறேன். இந்தக் கதையின் பாதி அந்த முயற்சிதான்.

3

நடந்தது இது.

வேறொரு ஊரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்தப் போன இடத்தில் அண்ணன் சுருண்டு விழுந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உடன் வேலை செய்தவர்கள் அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அண்ணியும், தங்கையான நம் தையல்காரரும் கிடைத்த ரயிலில் ஏறிப் போனார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை. அதில் தங்கை அவசரத்தில் எடுத்துப் போட்டது பூராவும் தைக்கக் கொடுத்திருந்த யாருடைய துணிகளோ.

நோயாளியைப் பார்க்கக் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு ராத்திரி அதில் கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் தலைமை நர்ஸ் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா உங்களுக்கும் ஒரு பெட் போடணும். எதிர்லயே ஹோட்டல் இருக்கு. போய்ப் படுங்க. ஏதாவதுன்னா கூப்பிடறோம்."

அண்ணியிடம் அண்ணனுடைய கிரெடிட் கார்டின் துணை அட்டை ஒன்று இருந்தது. அந்தக் கார்டில் சேர்ந்த பாயிண்டுகளை அண்ணன் செலவழிக்காமல் வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் திரைச்சீலை தானாகத் திறக்கிற ஹோட்டல் ஒன்று இருக்கிறதாம், அங்கே ஒரு தடவை கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம். எதிரே இருந்த ஹோட்டலில் திரைச்சீலையைக் கையால்தான் இழுக்க வேண்டும். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கார்டின் பயண இணையதளத்தில் அறை எடுத்தார். இரண்டு தனிக் கட்டில். நான்கு இரவுகள். வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம்.

"ஏன் நாலு?" என்று தையல்காரரிடம் கேட்டேன்.

"தெரியல."

"லீவு அவ்வளவுதான் கிடைச்சுதோ?"

"தெரியல சார். நாலுன்னு போட்டாங்க."

(இங்கே ஒரு நல்ல காரணம் வைக்கலாம். கல்யாண நாள், ராசியான எண், ஏதாவது. வைக்கவில்லை.)

அறைக்குப் போனார்கள். குளித்தார்கள். தங்கை, யாரோ ஒருத்தியின் சல்வாரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். அண்ணி மற்ற கட்டிலின் ஓரத்தில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன் நம்மை வேவு பார்க்கிற காலம் இது. அவர் எதையும் தேடவில்லை. தானாகவே ஒரு விளம்பரம் வந்தது. அதே ஹோட்டல், அதே அறை, அதே நான்கு இரவுகள், குறைந்த விலை.

எவ்வளவு குறைவு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தராசைத் தூக்கிவிடுவீர்கள். பெரிய தொகை என்றால் பாவம் என்பீர்கள், சின்னத் தொகை என்றால் இதுக்குப் போயா என்பீர்கள். எது என்றாலும் அண்ணி கஸ்டமர் கேருக்குப் போன் செய்தார். அதுதான் நடந்தது.

4

போனை எடுத்தது ஒரு பையன். குரலை வைத்துத் தையல்காரர் சொன்னது இது: "நம்ம பாஷை பேசற ஆளு வேணும்னா ஒரு நம்பரை அழுத்தணும் சார். அழுத்தினா அந்தத் தம்பி. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம்."

அண்ணி போனை மெத்தையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். எந்த ஹோட்டல், எந்த அறை, எந்தத் தேதி என்று நீதிமன்றத்தில் படித்துக்காட்டுவது போலச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னான், அனுப்பினார். பாட்டு ஓடியது. பாட்டு நின்றது.

"மேடம், ரெண்டும் ஒரே அறைதான். ஒரே தேதிதான். ஆனா ஒரு விஷயம் ஒத்துவரல மேடம். நீங்க எடுத்ததை எப்ப வேணா கேன்சல் பண்ணலாம். அந்தக் குறைஞ்ச விலையில கேன்சல் பண்ண முடியாது. எல்லா விதியும் ஒண்ணா இருந்தாத்தான் மேடம் நாங்க மேட்ச் பண்ண முடியும்."

"அப்ப என்னோடதையும் கேன்சல் பண்ண முடியாததா மாத்திட்டு அந்த விலை குடுங்க."

"செய்யலாம் மேடம். ஆனா நாலு ராத்திரிக்கு முன்னாடியே கிளம்பினீங்கன்னா மிச்சப் பணம் திரும்ப வராது. நாலு ராத்திரியும் கண்டிப்பா தங்குவீங்களா மேடம்?"

அண்ணி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டு தடவை மேடம், மேடம் என்றான்.

"விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றார் அண்ணி.

யாரிடம் விசாரிப்பது என்று அவன் கேட்கவில்லை. நாளைக் காலை வரைக்கும் நேரம் இருப்பதாகச் சொல்லித் தன்னுடைய எண்ணையும் கொடுத்தான்.

தங்கை அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் உள்ள அப்படிக் கிடக்கறாரு. நீங்க ரூமுக்கு வெலை பேசிட்டு இருக்கீங்க. கூசல உங்களுக்கு?"

"கூசுது" என்றார் அண்ணி.

அவ்வளவுதான். அவர் ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை வந்திருந்தால் இருவரும் அழுதிருப்பார்கள். அழுதிருந்தால் நான் இந்தப் பகுதியைச் சுலபமாக முடித்திருப்பேன். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "நேரமாச்சு, வா" என்றார்.

5

சாயங்காலப் பார்வை நேரம். டாக்டர் ஒரு இளம்பெண். தொடர்ந்து வேலை பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முந்தின இரண்டு நாளும் அவரைப் பார்த்ததும் அண்ணியும் தங்கையும் கேட்ட கேள்வி ஒன்றே: பிழைச்சுடுவாரா. அவர் சொன்ன பதிலும் ஒன்றே: பாக்கலாம்மா.

இந்தக் கேள்வி பதிலைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதன் சாரம் மட்டும் இருக்கட்டும். பிழைப்பாரா என்பது பதில் கிடைக்காமல் இருப்பதற்காகவே கேட்கப்படுகிற கேள்வி. கேட்பவர்களுக்கும் தெரியும், சொல்பவர்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு அண்ணி வேறு மாதிரி கேட்டார்.

"டாக்டர், நாலு ராத்திரி இருப்பாரா?"

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எண் வைத்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. எண்ணுக்கு எண்தான் பதில் என்று அவர் படிப்பு பழக்கியிருக்க வேண்டும்.

"நாலா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நாலு கஷ்டம்மா. ரெண்டு சொல்லுவேன். மூணுன்னா என்னால சொல்ல முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பேனாவை மூடினார். மூடியை அழுத்தினார். "சாரிம்மா" என்றார்.

தங்கைக்கு அங்கேதான் தெரிந்தது. அண்ணன் போகப்போகிறார் என்று யாரும் அதுவரை வாயால் சொல்லவில்லை. ஒரு அறை வாடகைக்காக அண்ணி அதைச் சொல்லவைத்துவிட்டார் என்று நினைத்தாராம். "அந்த நிமிஷம் அவங்களை நான் வெறுத்தேன் சார். பொய் சொல்லல."

இந்த இடத்தில் அண்ணியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இதை எழுதும்போது நான்கு நாள் கதையைத் தொடவில்லை. அண்ணி பணத்துக்காகக் கேட்டாரா? அல்லது இரண்டு நாளாக உண்மை தெரியாமல் தவித்தவர், கேட்க வாய் வராமல், அந்தத் தம்பி கொடுத்த கேள்வியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டாரா? இரண்டாவதை எழுதத்தான் எனக்கு ஆசை. தையல்காரர் போட்ட நிபந்தனைக்கும் அது பொருந்தும். ஆனால் ஆசைக்கு எழுதினால் அண்ணி நல்லவர் ஆகிவிடுவார், ஆள் இல்லாமல் போய்விடுவார்.

ஆகவே அடுத்து என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஜன்னலோரமாகப் போய் நின்று அந்தத் தம்பிக்குப் போன் செய்தார். தங்கை இரண்டடி தள்ளி நின்றார். ஸ்பீக்கர் போடவில்லை, ஆனால் போன் சத்தம் அதிகம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் ஒரு டாக்டரை அவசரமாக மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

"மேடம், ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?"

"ஆமா."

"யாருக்கு மேடம்?"

"என் வீட்டுக்காரருக்கு. உள்ள இருக்காரு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மற்றவர்கள் பேசுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா. கேன்சல் பண்ற மாதிரியே வெச்சுக்கோங்க. வித்தியாசம் அவ்வளவு ஒண்ணும் பெரிசு இல்ல. நாளைக்கே சார் நல்லாயிட்டா நீங்க கிளம்பணும்ல."

அவன் அதற்குமேல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் அண்ணி கேட்டிருப்பார்.

"இல்ல தம்பி. நாலு ராத்திரி இருப்போம். மாத்திடுங்க."

"நிச்சயமாவா மேடம்?"

"நிச்சயமா."

இதற்குப் பிறகு அவன் ஒரு வாக்கியத்தைப் படித்தாக வேண்டும். பேச்சு பதிவாகிறது, வாடிக்கையாளர் வாயால் சம்மதம் வர வேண்டும். எழுதிவைத்ததை அப்படியே படித்தான்.

"நான்கு இரவுகள், ரத்து செய்ய இயலாது. இதற்கு உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அண்ணி.

தையல்காரர் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் ஒரு துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "அவங்க அன்னைக்குச் சம்மதம்னு சொன்னது யார்கிட்டன்னு எனக்கு இன்னும் தெரியல சார். அந்தத் தம்பிகிட்ட மட்டும் இல்ல. டாக்டரம்மா ரெண்டு சொல்றாங்க, இவங்க நாலுன்னு பணத்தைக் கட்டறாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரிந்தால் நான் ஏன் பட்டன் தைக்க வருகிறேன்?

6

அந்த நாட்களில் வேறொன்றும் நடக்கவில்லை. நடக்காததை எழுதுவது கஷ்டம், ஆனாலும் ஒன்றிரண்டு.

ஹோட்டலின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே கிறீச்சென்று கத்தும். தங்கை பார்வை நேரத்தில் அண்ணன் காதருகே போய், "எங்க ஹோட்டல் லிஃப்ட்டு கத்துதுண்ணே. எழுந்து வந்து என்னான்னு பாருங்க" என்றார். அண்ணன் முகத்தில் ஏதோ அசைந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். அண்ணி உள்ளே போகும்போது பேசமாட்டார். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விடுவார். கிரீஸ் ஏறிய நகங்கள். வீட்டில் எத்தனை சோப்புப் போட்டும் போகாத கறுப்பு, மருத்துவமனையில் யாரோ துடைத்து வெளுத்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து அண்ணி, "நகத்தைச் சுத்தம் பண்ணிட்டாங்க" என்றார். புகார் மாதிரி இருந்ததாம்.

ஹோட்டலுக்கு வந்த இரண்டாவது நாள் அண்ணி, தங்கை கேட்காமலே அந்தப் பையில் இருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தார். "பாப்பா, இது யாரோடது? வாங்க வந்து நிப்பாங்களே" என்றார். வீட்டில் எல்லாருக்கும் கடைசி என்பதால் தையல்காரரைப் பாப்பா என்று அண்ணன்தான் கூப்பிடுவார். அண்ணி அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஹோட்டலில் இரண்டு ராத்திரி கழிந்து, மூன்றாம் நாள் நண்பகலில் அண்ணன் போய்விட்டார். டாக்டர் சொன்ன கணக்குத்தான் சரியாக இருந்தது.

இங்கே நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தாழ்வாரம், கதவு, அண்ணி நின்ற விதம், தங்கை உட்கார்ந்த விதம். திரும்பப் படித்தபோது எல்லாமே நான் நின்ற விதமாகவும் நான் உட்கார்ந்த விதமாகவும் இருந்தது. என் அப்பா இறந்த மருத்துவமனை அது. எடுத்துவிட்டேன்.

7

காகிதங்கள் தயாராக மறுநாள் காலை ஆகும் என்றார்கள். அதுவரை உடலைக் கொடுக்க மாட்டார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எதிரே என்று சொன்னதும் அந்த ஊழியர், "நல்லதாப் போச்சு. ரூமைக் காலி பண்ணிடாதீங்க" என்றார்.

நல்ல வெயில். சாலையைக் கடந்து அறைக்கு வந்தார்கள். வேலைக்காரம்மா வந்து இரண்டு கட்டிலுக்கும் புது விரிப்பு மாற்றிவிட்டுப் போயிருந்தார். அண்ணி ஒரு கட்டிலில் உட்கார்ந்தார், தங்கை மற்றதில். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற இடைவெளி. இருவரும் அதுவரை அழவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லியாகிவிட்டது. இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்கிற நேரத்தில் அண்ணியின் போன் அடித்தது.

அந்தத் தம்பி.

அண்ணி ஸ்பீக்கரைப் போட்டு, முதல் நாள் மாதிரியே மெத்தையில் வைத்தார்.

"மேடம், வணக்கம் மேடம். உங்க கோரிக்கை அப்ரூவ் ஆயிடுச்சு. வித்தியாசத் தொகை உங்க கார்டுக்கே வந்துடும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி."

"மேடம்…" அவன் தயங்கினான். எழுதிவைத்ததில் இல்லாததைக் கேட்கப்போகிறவனின் தயக்கம். "சார் எப்படி இருக்காரு மேடம்?"

தங்கை அண்ணியைப் பார்த்தார். அண்ணி போனைப் பார்த்தார்.

"இருக்காரு" என்றார் அண்ணி.

"சந்தோஷம் மேடம்." அவன் உண்மையிலேயே மூச்சு விட்டான், அது கேட்டது. "எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன் மேடம். சரி மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

இதை அவன் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்பான். எல்லாரும் இல்லை என்பார்கள். அண்ணி போன் பக்கம் குனிந்தார்.

"கொஞ்ச நேரம் போனை வைக்காம இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேன் மேடம்" என்றான்.

அவன் பேசவில்லை. அண்ணியும் பேசவில்லை. மெத்தையின் மேல் கிடந்த போனில் எங்கேயோ ஒரு பெரிய அறையின் இரைச்சல் கேட்டது. பல பேர் பல பேரிடம் மேடம் என்றும் சார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு அழுகை வந்தது. அங்கே அழுதால் அவனுக்குக் கேட்கும், கேட்டால் தெரிந்துவிடும். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதார்.

"வெளிய வந்தப்ப?" என்று கேட்டேன்.

"போன் மேசை மேல இருந்துச்சு. அண்ணி படுத்திருந்தாங்க. என் கட்டில்ல."

"உங்க கட்டில்லயா?"

"ஆமா. ஓரமா, எனக்கு இடம் விட்டு."

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: அண்ணி அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். தங்கையிடம் அழாதவர் முகம் தெரியாத ஒருவனிடம் அழுதார். (நம்பலாம். ஆனால் அவ்வளவு நேரம் கழித்துச் சொல்வதற்கா முதலில் 'இருக்காரு' என்றார்?)

இரண்டு: அவர் சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது தன் கணவர் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். (இதை எழுதி முடித்து இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அது அண்ணியின் முடிவாகத் தெரியவில்லை, எழுத்தாளர்கள் வைக்கிற முடிவாகத் தெரிந்தது.)

மூன்றாவது அசிங்கமானது: நான்கு இரவு தங்கவில்லை என்று தெரிந்தால் ஏதாவது சிக்கல் வருமோ என்று பயந்து 'இருக்காரு' என்றார். (அதையும் எழுதிப்பார்த்தேன். அந்த நேரத்தில் மனசு இப்படியும் ஓடும். ஓடுவதால் துக்கம் ஒன்றும் குறைந்துவிடாது.)

எதுவும் சரிப்படாமல் கடைக்குப் போனேன். தையல்காரரோடு இன்னொரு பெண்ணும் இருந்தார். காஜா போட்ட சட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நான் எழுதிவைத்திருந்ததைவிடக் குள்ளமாக.

"அண்ணி, இவருதான் அந்த எழுதறவரு" என்றார் தையல்காரர். அண்ணி இப்போது இங்கேயே இவரோடுதான் இருக்கிறார் என்பதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவே இல்லை.

எழுதியது எல்லாம் பையில் இருந்தது. அன்றைக்கு நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்க வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"அந்தத் தம்பியைப் பத்தி எழுதறீங்களா?"

"ஆமாங்க."

"எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு எல்லாம் போடாதீங்க. ஒரு போனை இவ்வளவு நேரத்துக்குள்ள முடிக்கணும்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. ரொம்ப நேரம் வெச்சிருந்தான். தெரிஞ்சா வேலை போயிடும்."

"ரொம்ப நேரம்னா…" என்று இழுத்தேன்.

அண்ணி சட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வழக்கு முடிந்து ஆட்கள் எழுந்துபோன பிறகு தட்டச்சர் இயந்திரத்துக்கு உறை போடுவாரே, அந்த முகம்.

"ரொம்ப நேரம்" என்றார்.

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கம்பெனியும் வருஷமும் மாற்றிவிட்டேன். வேறு சிலதும் மாற்றியிருக்கிறேன்.

9

ஆக, குழாய் திறந்திருந்த நேரத்தில் நடந்தது தையல்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கும் தெரியாது. அண்ணி சொல்லப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

தம்பி, இது எப்போதாவது உங்கள் கைக்கு வருமா என்று தெரியவில்லை. அந்த வேலையில் இருக்கிறீர்களோ, விட்டுவிட்டீர்களோ. அன்றைக்கு உங்களுக்கு அது தெரியாமல் போயிருந்தால், ஆறாம் பகுதியைப் படிக்கும்படி ஆனதற்காக என்னை மன்னிக்க வேண்டும். சார் நல்லாயிட்டார் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள். அம்மாவிடம் இதைக் காட்டவேண்டாம்.

தெரிந்திருந்தால், இந்தக் கதையின் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. எனக்கு எழுதி அனுப்புவீர்களோ என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. அண்ணி, மற்றவர்கள் பேச்சைத் தொழிலுக்காகக் காது கொடுத்துக் கேட்டவர். தன் பேச்சைக் கேட்க ஒருத்தரைக் கேட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான். அது நீங்கள் கேட்டது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.